மேல்மடையும் கீழ்மடையும்

உங்கள் தொழிலைப் பற்றி ஏதாவது எழுதுங்களேன் என்று நண்பர்கள் சிலர் நெடுநாட்களாகக் கேட்டு வருகிறார்கள். கதையும் கவிதையும் பேசிக்கொண்டிருப்பவர்கள் நடுவே வோல்ட்டையும் ஆம்பியரையும் கொண்டுவந்து கொட்டுவது நாகரிகமாகாது என்று சொல்லித் தட்டிக்கழித்து வந்தேன். உண்மையான காரணம் அதுவன்று. மின்னணுவியலில் நான் அடிமுதல் நுனிவரை அறிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு வெளியீடுகள் கொண்ட ஒரு சிறிய மின்னழுத்தச் சீராக்கி. தொழில் வழக்கில் ரெகுலேட்டர் என்போம். அதை அவ்வளவு நன்றாக அறிய நேர்ந்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு பிழை. அந்தப் பிழையின் விலையை நான் கொடுக்கவில்லை. வேறொருவர் கொடுத்தார்.

1996ஆம் ஆண்டு. கோவையில் பத்துப் பேர் வேலை செய்த ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்து எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சுற்றுலா வேன்களில் பொருத்துவதற்கான ஒரு பதிவுப் பெட்டியை நாங்கள் உருவாக்கியிருந்தோம். சக்கரத்தின் சுழற்சியை எண்ணி, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எவ்வளவு நேரம் நின்றது என்பதையெல்லாம் அது நினைவில் வைத்துக்கொள்ளும். வாரக் கடைசியில் உரிமையாளர் ஒரு பொத்தானை அழுத்தினால் கணக்கு முழுவதும் சிறு திரையில் வரிசையாக வரும். வண்டியை ஓட்டுநர் கையில் ஒப்படைத்துவிட்டு இரவெல்லாம் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்த உரிமையாளர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பெட்டிக்குள் மின்சாரம் வழங்கும் பகுதியை வடிவமைத்தவன் நான்.

கோவையிலும் பொள்ளாச்சியிலும் ஓடிய வண்டிகளில் குறையேதும் எழவில்லை. உதகமண்டலத்தில் ஓடிய ஒரே ஒரு வேனிலிருந்து மட்டும் அவ்வாண்டு டிசம்பரில் புகார் வந்தது. பெட்டி அடிக்கடி கணக்கை மறந்து பூச்சியத்தில் வந்து நிற்கிறதாம். உரிமையாளர் தொலைபேசியில் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"தானா அழியுமா தம்பி, இல்ல யாராச்சும் கை வெச்சாத்தான் அழியுமா?"

நான் சற்றும் யோசிக்கவில்லை. "பேட்டரி ஒயரைக் கழட்டினாத்தாங்க அழியும். தானா அழியாதுங்க" என்றேன்.

அந்தப் பதிலின் பொருள், உங்கள் ஓட்டுநர் கணக்கை மறைக்கிறார் என்பது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. அவருடைய பேட்டா இரண்டு மாதங்களாகப் பிடிக்கப்பட்டது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

*

என் பதிலில் இருந்த பிழை விளங்க வேண்டுமானால், ரெகுலேட்டர் என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வண்டியின் மின்கலம் பெயரளவில் 12 வோல்ட். இயந்திரம் ஓடும்போது அது 14 வோல்ட்டை ஒட்டி நிற்கும், கிளப்பும்போது தாழ்ந்துவிடும். பெட்டிக்குள் இருந்த நுண்செயலிக்கோ 5 வோல்ட் வேண்டும். அதிலும் 4.5க்குக் கீழே போனால் அதன் நடத்தைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஏறி இறங்கும் மூலத்திலிருந்து ஏறாத, இறங்காத ஐந்து வோல்ட்டைத் தருவதே ரெகுலேட்டரின் வேலை.

அதன் அமைப்பை ஏரிப் பாசனத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால் எளிதில் விளங்கும். மடை ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து மூட நீர்க்கட்டி ஒருவர் இருக்கிறார். வாய்க்காலில் ஓர் அளவுக்கல் நட்டிருக்கிறது. நீர் கல்லுக்குமேல் ஏறினால் மடையைச் சற்றுத் தாழ்த்துவார். இறங்கினால் சற்று உயர்த்துவார். ரெகுலேட்டருக்குள் மடையாக இருப்பது ஒரு பெரிய டிரான்சிஸ்டர். நீர்க்கட்டியாக இருப்பது வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டும் ஒரு பெருக்கி. வெளியீட்டு மின்னழுத்தத்தில் ஒரு பங்கை இரண்டு மின்தடைகளால் பிரித்தெடுத்து, அளவுக்கல்லோடு ஒப்பிட்டு, மடையை நொடிதோறும் பல்லாயிரம் முறை திருத்திக்கொண்டே இருக்கிறது.

அளவுக்கல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. சிலிக்கானில் செய்யும் எதுவும் வெப்பத்துக்கு ஏற்ப மாறும். டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலான மின்னழுத்தம், வெப்பம் ஒரு பாகை ஏறினால் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. ஆனால் வெவ்வேறு மின்னோட்ட அடர்த்தியில் இயங்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களில் அந்த மின்னழுத்தங்களின் வித்தியாசத்தை எடுத்தால், அது வெப்பத்தோடு கூடுகிறது. குறைவதையும் கூடுவதையும் தக்க விகிதத்தில் சேர்த்தால், 1.2 வோல்ட்டுக்குச் சற்றுமேல், வெப்பத்துக்கு அசையாத ஓர் அளவு கிடைக்கிறது. இந்த வழியை ரெகுலேட்டருக்குள் கொண்டுவந்தவர் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் இருந்த பாப் விட்லர். 1971இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1974இல் பால் புரோகா அதை இன்னும் செம்மைப்படுத்தினார். உதகையின் குளிரில் என் பெட்டியின் அளவுக்கல் அசைந்திருக்குமோ என்று நான் முதலில் ஐயுற்றேன். அது அசையவில்லை. குறை மடையில் இருந்தது.

நான் பயன்படுத்தியது 7805 என்ற சில்லு. மூன்று கால்கள். மின்னணுவியல் படித்த எவரும் முதலில் தொட்டுப் பழகுவது அதைத்தான். அதன் மடையாக இருப்பவை ஒன்றையொன்று இயக்கும்படி அடுக்கிய என்.பி.என். டிரான்சிஸ்டர்கள். அவற்றைத் திறந்து வைத்திருக்கவே, வெளியீட்டைவிட உள்ளீடு ஏறத்தாழ 2 வோல்ட் உயர்ந்திருக்க வேண்டும். இந்த இடைவெளிக்குத்தான் டிராப்அவுட் என்று பெயர். ஏரியில் நீர் இருக்கலாம். ஆனால் மடையின் வாசற்படிக்குமேல் போதிய நீர் நிற்காவிட்டால் வயலுக்கு வராது. 7805இன் வாசற்படி இரண்டு வோல்ட் உயரம்.

அதோடு நான் இன்னொரு படியையும் கட்டியிருந்தேன். யாராவது மின்கலத்தைத் தலைகீழாக இணைத்துவிட்டால் பெட்டி எரிந்துவிடக் கூடாதே என்று, உள்ளீட்டில் ஒரு டயோடைப் போட்டிருந்தேன். அது 0.7 வோல்ட்டைத் தின்னும். ஆக, 5, 2, 0.7 மூன்றும் கூடி 7.7 வோல்ட். பன்னிரண்டு வோல்ட் வண்டியில் 7.7 எப்போது குறையப்போகிறது என்பது மேசைமுன் உட்கார்ந்திருந்தவனின் கணக்கு.

*

ஜனவரியில் மேலாளர் என்னை உதகைக்கு அனுப்பினார். வேனை நிறுத்தும் இடத்துக்கு விடியுமுன்பே போய்ச் சேர்ந்தேன். புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். கம்பளிக் குல்லாவும் மப்ளருமாக வந்தவர், இன்னார் என்று நான் சொன்னதும் முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, பிளாஸ்க்கிலிருந்து எனக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

முள் உள்ள பழைய மல்டிமீட்டர் ஒன்றை மின்கலத்தில் இணைத்துவிட்டு, "அண்ணே, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன்.

"காலைல ஒரே தடவைல எடுக்காதுங்க தம்பி. மூணு நாலு தடவை இழுத்தாத்தான் எடுக்கும்."

சாவியைத் திருப்பினார். பன்னிரண்டில் நின்ற முள் சரிந்து ஏழை ஒட்டி நடுங்கியது. பெட்டியின் திரை ஒரு கணம் மங்கி மறுபடி எரிந்தது. எண்கள் எல்லாம் பூச்சியம்.

டீசல் இயந்திரத்துக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்திச் சூடேற்றித்தான் எரிபொருள் பற்றிக்கொள்கிறது. குளிரில் அந்தச் சூடு எளிதில் வராது, எண்ணெயும் தடித்துவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுக்கும். அதே குளிரில் மின்கலத்தின் வலுவும் குறைந்திருக்கும். கோவையில் ஒன்பதுக்குக் கீழே இறங்காத மின்னழுத்தம் இங்கே ஏழுக்கு இறங்கியது. ஏழில் டயோடும் 7805உம் 2.7ஐ எடுத்துக்கொண்டால் மிச்சம் 4.3. நுண்செயலிக்குத் தேவையான 4.5க்குக் கால் வோல்ட்டுக்கும் குறைவான பற்றாக்குறை. அந்தத் தள்ளாட்டத்தில் செயலி நினைவகத்தில் தாறுமாறாக எதையோ எழுதிவைத்தது. மறுபடி தெளிந்து எழுந்து, கணக்குச் சரியாக இருக்கிறதா என்று கூட்டிப் பார்த்தது. பொருந்தவில்லை என்று கண்டதும், நிரலில் நான் எழுதியிருந்தபடி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. ஒயரைக் கழற்றி மாட்டினால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

இன்னொன்றும் அங்கே நின்றபடி கணக்கிட்டேன். இரவும் பகலும் என் பெட்டி 150 மில்லி ஆம்பியரை மின்கலத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. ஓர் இரவுக்கு அது பெரிதன்று. ஆனால் சுற்றுலாப் பயணிகள் வராத நாட்களில் வேன் ஐந்து நாள் தொடர்ந்து நின்றால், 18 ஆம்பியர் மணி போய்விடும். மின்கலத்தைச் சோர்வாக்கிய குற்றத்திலும் என் பெட்டிக்குப் பங்கு இருந்தது.

"தானாவே மறந்திருக்குங்களா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாங்கண்ணே."

அவர் மகிழ்ந்ததாகவோ கோபித்ததாகவோ தெரியவில்லை. "அத எங்க மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

*

இரண்டு வெளியீட்டு ரெகுலேட்டர் அதன்பிறகுதான் என் வாழ்க்கைக்குள் வந்தது. எல்.எம். 2935 என்ற எண் கொண்ட சில்லு. சென்னை ரிச்சி தெருவில் தேடி வாங்கினேன். ஐந்து கால்கள். ஓர் உள்ளீடு, ஒரு நிலம், இரண்டு வெளியீடுகள், ஒரு கட்டுப்பாட்டுக் கால்.

முதலில் அதன் வாசற்படி தாழ்வானது. டிராப்அவுட்டைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 2935இல் மடையாக இருப்பது பி.என்.பி. டிரான்சிஸ்டர். என்.பி.என். வகையைத் திறக்க, வெளியீட்டுக்கு மேலாக ஓர் அழுத்தம் வேண்டும். பி.என்.பி. வகைக்கு அது தேவையில்லை. அதன் பேஸிலிருந்து நிலத்தை நோக்கி மின்னோட்டத்தை இழுத்துவிட்டால் திறந்துகொள்ளும். அதனால் அரை ஆம்பியர் ஓடும்போதும் டிராப்அவுட் ஏறத்தாழ அரை வோல்ட்தான். மின்கலத்தைத் தலைகீழாக இணைத்தாலும் இந்தச் சில்லு தாங்கிக்கொள்ளும். ஆகவே என் டயோடுக்கும் வேலையில்லாமற் போயிற்று. 7.7 வோல்ட் வேண்டியிருந்த இடத்தில் 5.5 போதும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திவிட வேண்டும். டிராப்அவுட் குறைந்தால் மின்சாரம் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டை எந்த மடைவழி எடுத்தாலும், நடுவிலுள்ள 7 வோல்ட் வெப்பமாகத்தான் போகும். 200 மில்லி ஆம்பியர் என்றால் 1.4 வாட் சூடு. 7805 ஆனாலும் 2935 ஆனாலும் ஒன்றே. தாழ்ந்த படி செலவைக் குறைப்பதில்லை. வறட்சியைத் தாங்குகிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சில்லின் உண்மையான சிறப்பு இரண்டாவது வெளியீட்டில் இருந்தது. பழைய ஏரிகளில் மேல்மடை, கீழ்மடை என்று இரண்டு உண்டு. ஏரி நிரம்பியிருக்கையில் மேல்மடை பெருவயல்களுக்குப் பாயும். நீர் தாழ்ந்து மேல்மடை நின்றுபோன பிறகும் கீழ்மடை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். 2935இன் பெரிய வெளியீடு 750 மில்லி ஆம்பியர் வரை தரும். செயலி, திரை, விளக்கு எல்லாம் அதில் வாழும். சிறிய வெளியீடு 10 மில்லி ஆம்பியர்தான் தரும். அதில் நினைவகத்தை மட்டும் இணைக்க வேண்டும். நினைவைப் படிக்கவும் எழுதவும்தான் ஐந்து வோல்ட் வேண்டும். எழுதியதை மறக்காமல் வைத்திருக்க, நாங்கள் பயன்படுத்திய சீமாஸ் நினைவகத்துக்கு இரண்டு வோல்ட்டும் மிகச் சொற்ப மின்னோட்டமும் போதும். ஆனால் அது ஒரு கணமும் அறக் கூடாது.

ஓட்டுநர் சாவியைத் திருப்பி வண்டியை அணைக்கும்போது கட்டுப்பாட்டுக் கால்வழியே பெரிய வெளியீடு மூடிக்கொள்ளும். அப்போது சில்லு தனக்காக எடுத்துக்கொள்வது 3 மில்லி ஆம்பியருக்கு மேற்படாது. இரவெல்லாம் 150 குடித்துக்கொண்டிருந்த பெட்டி மூன்றோடு உறங்கக் கற்றுக்கொண்டது. பெரிய வெளியீடு தன் அளவிலிருந்து தளர்ந்தால் அதே கால் அடையாளம் காட்டும். அதைக் கொண்டு செயலியை உடனே நிறுத்தி, நினைவகத்தின் கதவையும் சாத்திவிடலாம். தள்ளாடும் கையால் யாரும் கணக்குப் புத்தகத்தில் எழுத முடியாது.

இரண்டு மடைகளும் ஒரே சிலிக்கான் துண்டில் இருந்தாலும் தனித்தனியே சீராக்கப்படுகின்றன. ஒன்றில் திடீரென மின்னோட்டம் கூடினால் மற்றதன் மின்னழுத்தம் அசையாமலிருக்க வேண்டும் என்பது இத்தகைய சில்லுகளை வடிவமைப்போர் படும் பாடுகளில் முதன்மையானது. உள்ளீடும் நிலமும் வெப்பமும் பொதுவாக இருக்கையில் அது எளிதன்று.

டேட்டா ஷீட்டில் நான் மறுபடி மறுபடி படித்த பகுதி ஒன்று உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மின்கலத்தின் இணைப்பு தளர்ந்து விலகினால், ஆல்டர்னேட்டரிலிருந்து பல பத்து வோல்ட் உயரத்துக்கு ஓர் அலை எழும். அத்தகைய அலை 60 வோல்ட் வரை எழுந்தாலும், பெரிய வெளியீடு தன்னையும் தன்னைச் சார்ந்தவற்றையும் காத்துக்கொள்ள உடனே மூடிவிடும். சிறிய வெளியீடு மூடாது. வெள்ளம் கடக்கும்வரை நினைவகத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வறட்சியிலும் வெள்ளத்திலும் முதலில் காக்க வேண்டியது நினைவைத்தான் என்று யாரோ ஒருவர் முன்பே யோசித்து வைத்திருந்தார். மேசையிலேயே உட்கார்ந்து யோசித்தவராக அவர் இருந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

குறையே இல்லாத சில்லு என்று சொல்ல மாட்டேன். பி.என்.பி. மடை வெளியீட்டிலுள்ள மின்தேக்கியை நம்பியே நிலைகொள்கிறது. அதன் உள்தடை மிகுந்தாலும் தீங்கு, பழைய சில்லுகள் பலவற்றில் மிகக் குறைந்தாலும் தீங்கு. வெளியீடு ஊசலாடத் தொடங்கிவிடும். திரவ மின்தேக்கிகளின் உள்தடை குளிரில் ஏறும். உதகையில் ஒரு முறை பட்டவன் என்பதால், இந்த முறை மின்தேக்கியைப் பனிக்கட்டி நிரப்பிய பாத்திரத்தருகே வைத்துச் சோதித்த பிறகே ஒப்புக்கொண்டேன்.

*

இன்றைய இரு வெளியீட்டு ரெகுலேட்டர்கள் வேறு தேவைக்குப் பிறந்தவை. மடையாக இருப்பது பெரும்பாலும் மாஸ்ஃபெட். அதில் டிராப்அவுட் என்பது திறந்த நிலையிலுள்ள தடையை மின்னோட்டத்தால் பெருக்கிய அளவுதான். சுமை குறைந்தால் படியும் தாழ்ந்துவிடும். செயலிகளின் உட்கருவுக்கு ஒரு மின்னழுத்தம், வெளியுலகோடு பேசும் கால்களுக்கு வேறொன்று. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட டி.பி.எஸ். 70151இல் 3.3, 1.8 என்ற இரண்டும் ஒரே சில்லிலிருந்து வருகின்றன. எது முதலில் எழ வேண்டும் என்பதையும் ஒரு காலால் சொல்லிவிடலாம். முதலாவது தன் அளவில் ஏறத்தாழ 83 விழுக்காட்டை எட்டிய பிறகே மற்றது எழும். உட்கரு விழிக்குமுன் கால்கள் பேசத் தொடங்கினால் உளறலாகிவிடும் என்பதே காரணம். எனக்கு இது நன்றாகவே விளங்கியது. யோசிக்குமுன் பேசியவன் நான்.

புதிய பெட்டி மார்ச் மாதத்தில் தயாரானது. வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் பிழை என்ற சொல் வரக் கூடாது, மேம்பாடு என்று எழுதினால் போதும் என்றார் மேலாளர். அப்படியே எழுதினேன். உதகை உரிமையாளருக்கு மட்டும் தனியாகத் தொலைபேசினேன். தவறு எங்கள் சுற்றில்தான் இருந்தது, ஓட்டுநர் எதையும் தொடவில்லை, அன்று நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிங்க தம்பி, பார்த்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

புதிய பெட்டியைப் பொருத்த ஏப்ரலில் மேலே போனேன். வேனில் வேறோர் இளைஞர் இருந்தார். பழைய ஓட்டுநரைச் சேரிங் கிராஸ் அருகே மாலையில் தற்செயலாகப் பார்த்தேன். இன்னொருவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். பேட்டாவில் ஒரு மாதத்துக்கானது திரும்பக் கிடைத்ததாகவும், ஆனால் அதன்பிறகு அங்கே இருக்க மனம் ஒப்பவில்லை என்றும் சொன்னார். என்னைக் குறைசொல்லி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தேநீருக்கு நான் நீட்டிய காசையும் வாங்கவில்லை.

இப்போதும் புதிதாக ஒரு ரெகுலேட்டரின் டேட்டா ஷீட் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் விலையையோ மின்னோட்டத்தையோ அன்று. மூலம் எவ்வளவு தாழ்ந்தால் இது கைவிடும் என்ற வரியைத்தான். என்னிடம் வேலை கற்க வரும் இளைஞர்களிடமும் அந்த வரிக்கு அடியில் கோடிடச் சொல்கிறேன். புகார் என்று யாராவது அழைத்தால், போய்ப் பார்க்கும்வரை பதில் சொல்லாதீர்கள் என்றும் சொல்கிறேன். அவர்கள் முதலாவதை எளிதாகக் கற்றுக்கொள்கிறார்கள்.